மாங்கனிக்கு எந்தக் கேமரா?

எங்கள் வீட்டில் எதை வாங்குவதென்றாலும் முடிவெடுப்பவர் என் வீட்டுக்காரர்தான். இதை அவரே ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார், நானும் மறுத்ததில்லை. மிக்சிக்கு அவர்தான் முடிவெடுத்தார். மின்விசிறிக்கும் அவர்தான். என்ன முடிவு எடுக்க வேண்டும் என்பதை மட்டும் நான் பார்த்துக்கொள்வேன்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லித் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, சட்டசபையில் அறிவிப்பதுபோல அறிவித்தார்.

"தேவிகா, கேமரா வாங்கப் போறேன்."

"அதான் போன்ல இருக்கே?"

"அது கேமரா இல்ல, கேமரா மாதிரி. நான் சொல்றது டிஎஸ்எல்ஆர். மாட்டுனா கழுத்து வலிக்கணும். அதான் கேமரா."

"கழுத்து வலிக்கவா வாங்குவாங்க?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

புரியாதுதான். ஆனாலும் அந்த இட்லியைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தும்போதே நான் முடிவு செய்துவிட்டேன், இந்தக் கேமரா வரட்டும் என்று. காரணம் எங்கள் அல்லி.

அல்லிக்கு நாலு வயது. முந்தின வாரம் போனில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொட்டை போட்ட படம், கோட்டுச்சேரி பஸ் நிறுத்தத்தில் அழுத படம், அப்பா தோளில் ஏறி அவர் முடியைப் பிடித்துக்கொண்ட படம்.

"அம்மா, இதுல நீ எங்க?"

"நான் இந்தப் பக்கம் நின்னு எடுத்தேன்டி கண்ணு."

"இதுல?"

"அதையும் நான்தான் எடுத்தேன்."

"அப்ப நீ எப்ப வந்த?" என்றாளே பார்க்கணும். நான் என்னமோ நேற்றுதான் இந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தவள் மாதிரி.

இவரும் படம் எடுப்பவர்தான். மீன்கொத்தி, நாரை, மின்கம்பியில் உட்கார்ந்த எதுவும். என்னையும் ஒருமுறை வயல் வரப்பில் நிறுத்தி எடுத்தார். பின்னால் ஒரு கொக்கு நின்றது. கொக்கு அலகு வரைக்கும் தெளிவாக விழுந்தது. அதற்கு முன்னால் கலங்கலாக ஒரு சேலை. அது நான்.

எனக்கு ஒரே ஒரு படம் வேண்டும். நானும் அல்லியும் சேர்ந்து நிற்கிற படம், அதுவும் காரைக்கால் மாங்கனித் திருவிழாவில். அல்லி பிறப்பதற்கு முந்தின வருஷம், சிவன் பிச்சாண்டவராக வீதியுலா போகும்போது மாடியிலிருந்து வீசின மாம்பழம் ஒன்று நேராக என் முந்தானையில் வந்து விழுந்தது. பிள்ளை வேண்டுகிறவர்கள் அந்தப் பழத்தைப் பிடித்துச் சாப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சாப்பிட்டேன். அடுத்த வருஷம் அல்லி. இந்த வருஷம் அதே தெருவில், அதே இடத்தில், அவளை நிறுத்தி ஒரு பழம் பிடிக்க வைக்க வேண்டும். அப்போது நானும் படத்தில் இருக்க வேண்டும்.

இதை நேராகக் கேட்டால் என்ன என்பீர்கள். கேட்கலாம். "நில்லு, சிரி, அவ்வளவு சிரிக்காத, தாடையை இறக்கு" என்று பாடம் ஆரம்பிப்பார். பாடம் முடிவதற்குள் எங்கிருந்தாவது ஒரு கொக்கு வந்துவிடும்.

காரைக்காலில் ஜெய்னுலாபுதீன் பாயின் ஸ்டுடியோ இருக்கிறது. படம் எடுப்பார், படத்துக்குச் சட்டம் போடுவார், கேமராவும் விற்பார். ஆரம்பக்காரர்களுக்கான டிஎஸ்எல்ஆர் அவரிடம் இரண்டே பெட்டிதான் மிச்சம். ஒன்றுக்கு மஞ்சள் எழுத்துப் போட்ட கழுத்துப் பட்டை, இன்னொன்றுக்குச் சிவப்புக் கரை வைத்த பட்டை. மஞ்சள் பட்டையோடு பக்கத்தில் இருப்பதை எடுக்கிற குட்டை லென்ஸ். சிவப்புப் பட்டையின் குட்டை லென்ஸை யாரோ தனியாக வாங்கிப் போய்விட்டதால், அதோடு தூரத்தில் இருப்பதை எடுக்கிற நீள லென்ஸ் மட்டும். முழங்கை நீளம். சுரைக்காய் மாதிரி.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு வெந்ததா என்ற பேச்சே இல்லை. நொடிக்கு மூன்று படமா, ஐந்து படமா? எதில் பேட்டரி நிற்கும்? போனில் யார் யாரோ கேமராவைத் தடவித் தடவிப் பேசினார்கள். இவர் சாம்பாரைத் தொடாமல் தலையாட்டினார். பால்காரரிடம் கேட்டார். அலுவலகத்துக்குக் கையெழுத்து வாங்க வந்தவரிடம் கேட்டார்.

பிறகு ஒரு நாள் என்னிடம் வந்தார்.

"தேவி, நல்லா யோசிச்சுட்டேன். மஞ்சள்தான். என்ன கலரு, என்ன தெளிவு! சிவப்பெல்லாம் ஒரு கேமராவா? சும்மா குடுத்தாலும் வேணாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. இவருக்கு வேண்டியது சிவப்பு.

கல்யாணமாகி ஏழு வருஷம். பாயசம் வேண்டுமென்றால் இந்த மனிதர் "பாயசமெல்லாம் யாருக்கு வேணும்?" என்பார். மாமனார் வீட்டுக்குப் போக ஆசை வந்தால் "உங்க ஊர்ல என்ன இருக்கு?" என்பார். அவர் எதைச் சொன்னாலும் நான் அதற்கு எதிராகச் சொல்வேன் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நானும் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன். மஞ்சளைப் புகழ்ந்தால் நான் சிவப்பு என்பேன், "சரி, உனக்காக" என்று பெருமூச்சு விட்டு வாங்கலாம், நாளைக்குக் கழுத்து வலித்தாலும் பழி என் மேல் போகும். இதுதான் திட்டம்.

"அப்படிங்களா?" என்றேன். "அப்ப மஞ்சளே வாங்கிடுவோங்க."

அவர் முகத்தைப் பார்க்கணுமே. கரண்ட் போன வீடு மாதிரி ஆகிவிட்டது.

"இல்ல... நீ நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நான் யோசிக்க என்ன இருக்கு? நீங்கதான் இவ்வளவு நாளா யோசிச்சீங்களே."

"மஞ்சள்ல ஒரு குறையும் இருக்கு. தூரத்துல இருக்கறது தெரியாது."

"நம்ம சொந்தக்காரங்க எல்லாம் பக்கத்துலதானங்க இருக்காங்க?"

"பறவை?"

"சும்மா குடுத்தாலும் சிவப்பு வேணாம்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது... அது ஒரு வேகத்துல சொன்னது."

கடைசியில், "பாய் சொல்லட்டும். அவர் சொல்றதுதான் தீர்ப்பு" என்று எழுந்தார். சனிக்கிழமை அல்லியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம்.

கடையில் பாயும் அவர் மனைவி அமீர் நிஷா அக்காவும் இருந்தார்கள். பாய் இரண்டையும் மேசைமேல் வைத்தார்.

"ரெண்டும் நல்ல பொருள்தான் தம்பி. எதை எடுக்கப் போறீங்கங்கறதுதான் கேள்வி."

"மாங்கனித் திருவிழா பாய்!" என்றார் இவர் சட்டென்று. பறவை என்று சொன்னால் நான் விட மாட்டேன் என்று தெரிந்து திருவிழாவைப் பிடித்துக்கொண்டார். "பழம் பறந்து வரும்ல, அதை அந்தரத்துல புடிக்கணும். அதுக்குச் சிவப்புதான சரி?"

"புடிச்சுப் பாருங்க" என்று பாய் சிவப்பை நீட்டினார்.

இவர் கண்ணில் வைத்தார். எதிரே அல்லி நின்றாள்.

"என்னங்க தெரியுது?"

"மூக்கு."

"பின்னால போங்க தம்பி."

போனார். "இப்ப மூக்கும் ஒரு கண்ணும்." இன்னும் போனார். படியிறங்கினார். தெருவுக்கே போய்விட்டார். ஒரு ஆட்டோக்காரர் பிரேக் போட்டு, "அண்ணே, இன்னும் பின்னால போனா அரசலாத்துல விழுவீங்க!" என்று கத்தினார்.

நான் வாசலுக்கு வந்தேன். "ஏங்க, சாமி ஊர்வலத்துல நிக்க இடம் இருக்குமா, பின்னால போக இடம் இருக்குமா?"

"கூட்டமாத்தான் இருக்கும்."

"பழம் எங்கேர்ந்து வரும்?"

"மாடியிலேர்ந்து."

"எங்க விழும்?"

போன வருஷம் அவர் உச்சியில் விழுந்த கிளிமூக்கு மாங்காய் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கை தானாகத் தலைக்குப் போனது.

"தலையில."

"தலையில வந்து விழற பழத்துக்கு எதுக்குங்க தூரத்து லென்ஸு?"

அமீர் நிஷா அக்கா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். பாய் மஞ்சளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். தீர்ப்பு முடிந்தது.

"நான் மொதல்லயே மஞ்சள்தான்னு சொன்னேன் பாய்" என்றார் இவர்.

"ஆமாங்க, நீங்கதான் சொன்னீங்க" என்றேன்.

அவர் கழுத்தில் மாட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் உள்ளே போய் அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தேன். கையில் ஒரு பொட்டலம். "என்ன அது?" என்றார். "வீட்டுச் சாமான்" என்றேன். வீட்டுச் சாமான் என்றால் அதற்கு மேல் கேட்க மாட்டார், தூக்கச் சொல்லிவிடுவேனோ என்ற பயம்.

திருவிழா அன்று அதே தெரு, அதே இடம். வெயில், கூட்டம், மாம்பழ வாசம். சாமி வருகிற பவழக்கால் விமானம் தூரத்தில் தெரிந்தபோதே மாடிகளில் கூடைகளோடு ஆட்கள் தயாராகிவிட்டார்கள். இவர் கேமராவை ஏந்திக்கொண்டு மேலேயே பார்த்தார். ஒரு மாடிக் கைப்பிடிச் சுவரில் புறா உட்கார்ந்திருந்தது. கேமரா அந்தப் பக்கம் திரும்பியது.

"என்னங்க," என்றேன். "ஒண்ணே ஒண்ணு. என்னை மட்டும் எடுத்துடாதீங்க."

"ஏன்?"

"முகமெல்லாம் வேர்வை. முடி வேற பறக்குது. அல்லியை எடுங்க. நான் அதுல விழவே கூடாது. சொல்லிட்டேன்."

அவர் கண்ணில் ஒரு மினுக்கம் வந்தது. கேமரா விஷயத்தில் தோற்றுப்போன ஆத்திரம் இன்னும் உள்ளே இருந்ததே, அதுதான். "சரி சரி, உன்னை எடுக்கல" என்றார், ரொம்ப நல்ல பிள்ளையாக.

மாம்பழ மழை ஆரம்பித்தது. அல்லி இரண்டு கையையும் தூக்கினாள். நான் அவள் பின்னால் குனிந்து முந்தானையை விரித்தேன். ஒரு பழம் என் தோளில் பட்டு, அவள் கையில் துள்ளி, முந்தானையில் உருண்டு நின்றது. "அம்மா, எனக்கு! எனக்கு!" என்று அவள் கூவினாள். நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. பக்கத்தில் படபடவென்று சத்தம் மட்டும் கேட்டது. நொடிக்கு மூன்று.

அந்த வாரம் முழுக்க இவர் நமுட்டுச் சிரிப்போடு திரிந்தார். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து வந்ததும் முதுகுக்குப் பின்னால் எதையோ ஒளித்துக்கொண்டு நின்றார்.

"கண்ணை மூடு. இப்ப தொற."

படம். அல்லி, நான், எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தரத்தில் ஒரு மாம்பழம். முகமெல்லாம் வேர்வைதான். முடியும் பறந்தது. நன்றாகத்தான் இருந்தேன்.

"எடுக்காதீங்கன்னு சொன்னியே! எப்படி ஏமாத்தி எடுத்தேன் பாத்தியா? பாய்கிட்டக் குடுத்துப் பெரிசா போட்டுட்டேன். ஏழு வருஷத்துல மொத தடவையா நீ ஏமாந்துட்ட!"

"ஆமாங்க. நல்லா ஏமாந்துட்டேன். அந்தச் சுவத்துல மாட்டிடுங்க."

"சட்டம் வாங்கணுமே?"

நான் கையைக் காட்டினேன். அவர் தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்துக்கு நேர் எதிரே, ஆணி அடித்து, கண்ணாடி போட்டு, காலியாக ஒரு சட்டம் தொங்கியது. படத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். இம்மி பிசகாமல் பொருந்தியது.

"இது எப்ப வந்துச்சு?"

"திருவிழாவுக்கு முன்னாடியே மாட்டிட்டேன். மின்கம்பியில தொங்கியிருந்தா பாத்திருப்பீங்க."

"அளவு எப்படிச் சரியா இருக்கு?"

"நீங்க படம் கொண்டாந்தா இந்த அளவுலதான் போடணும்னு அக்காகிட்டச் சொல்லிட்டு வந்திருந்தேன்."

அல்லி நாற்காலியில் ஏறிப் படத்தைத் தொட்டாள். "இது அம்மா" என்றாள்.

இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். படத்தைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது.

"பாயசம் வெச்சிருக்கேன். வேணுமாங்க?"

வாயைத் திறந்தார். மூடினார். நன்றாக யோசித்தார்.

"வேணும்" என்றார்.