மூன்று முறை செத்தவர் தண்ணீர் கேட்கிறார்

"சார், இவரைப் பேச வைக்க முடியாது. இவர் திங்கக்கிழமையே செத்துட்டாரு" என்றாள் உதவி இயக்குநர்.

பன்னிரண்டாவது வரிசையில் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்த துணை நடிகர் நிமிர்ந்து பார்த்தார். பிளைவுட்டில் செய்த அந்த விமானத்துக்குள் நாலு நாளாகக் கடத்தல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடிதடியையும் துப்பாக்கிச் சூட்டையும் முதலில் எடுத்து முடித்துவிட்டால்தான் டைரக்டருக்கு நிம்மதி.

துணை நடிகரை எல்லோரும் 'பொணம் அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பிணமாக மட்டுமே நடித்தவர். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். இன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு வசனம் கிடைத்திருந்தது: "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

ஒரு வாரமாக வீட்டில் அதையே சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்து மனைவி அலுத்துப்போனாள். ஆனாலும் பெருமை தாங்காமல், முதல் நாள் முதல் காட்சிக்குச் சம்பந்தி வீட்டாரை அழைத்துவிட்டாள். "உங்கப்பா எந்தப் படத்துலயாவது உயிரோட வருவாரா?" என்று மகளிடம் கேட்ட சம்பந்தியம்மாவும் வரப்போகிறார். இந்த வசனம் போனால் மானமும் கூடவே போகும்.

உதவி இயக்குநர் நீட்டிய திங்கட்கிழமை போட்டோவை டைரக்டர் பார்த்தார். அதே சீட், அதே சட்டை, மார்பில் குண்டு.

"ஒரு மீசையும் கண்ணாடியும் வைங்க. ஆளே மாறிடுவாரு."

வைத்தார்கள். வசனம் நன்றாகத்தான் வந்தது. தண்ணீரைக் குடித்ததும் மீசை டம்ளரோடு போய்விட்டது.

"சரி, இடத்தை மாத்துங்க. ஏழாவது வரிசை, ஜன்னலோரம்."

உதவி இயக்குநர் நோட்டைப் புரட்டினாள். "அங்கயும் இவர்தான் சார். செவ்வாய்க்கிழமை கோட்டு போட்டுக்கிட்டு செத்தாரு."

"கடைசி வரிசை?"

"அங்க புதன்கிழமை. போர்வை மூடியிருக்கு. ஆனா வெளிய தெரியுற செருப்பு இவரோடது."

டைரக்டர் திரும்பி முறைத்தார். "ஒரே விமானத்துல எத்தனை தடவைய்யா சாவீங்க?"

"மத்தவங்க மூச்சு விடுறாங்கன்னு நீங்கதான் சார் என்னையே கூப்பிட்டீங்க" என்றார் பொணம் அண்ணன் பணிவாக.

அது உண்மைதான் என்பதால் டைரக்டருக்கு இன்னும் கோபம் வந்தது. "தலை பூரா கட்டு போடுங்க. முகம் தெரிஞ்சாத்தானே வம்பு?"

மேக்கப்காரர் கழுத்திலிருந்து உச்சி வரைக்கும் துணியைச் சுற்றினார். "எல்லாரும் பெல்ட்டை மாட்டுங்க" என்று உதவி இயக்குநர் குரல் கொடுத்தாள். கேமரா ஓடியது. கட்டுக்குள்ளிருந்து "ம்ம்ம் ம்ம்ம்மா" என்று ஒரு சத்தம் புறப்பட, பணிப்பெண்ணாக நடித்தவள் பதறிப்போய்த் தட்டைக் கதாநாயகன் மடியில் கவிழ்த்தாள். கதாநாயகன் எழுந்து, பேன்ட் மாற்றப் போய்விட்டார்.

"போதும். வசனத்தைப் பக்கத்து சீட்டுக்காரருக்குக் குடுங்க" என்றார் டைரக்டர்.

பொணம் அண்ணன் கட்டைத் தானே அவிழ்த்து, ஒழுங்காகச் சுருட்டி மேக்கப்காரரிடம் கொடுத்தார். மூன்று நாள் செத்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. சம்பந்தியம்மாவிடம் என்ன சொல்வது என்று மனைவி கேட்பாளே என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை.

கதாநாயகன் வரும்வரை டீ கொடுக்கச் சொன்னார்கள். டீக்காரர் வரிசை வரிசையாக வந்தார்.

"ஏன் அண்ணே முகம் வாடிப்போச்சு?"

"செத்தவன் தண்ணி கேக்கக் கூடாதாம்ப்பா."

டீக்காரர் கெட்டிலைக் கீழே வைத்தார். பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த அறுபது பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு டைரக்டர் பக்கம் திரும்பினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்த சீன்ல விமானமே இப்பத்தானே கிளம்பப்போகுது? இவரு இன்னும் உயிரோடதானே இருக்காரு?"