அத்தை நடந்த நடை

"இது நிக்குதா, விழப்போகுதா?" என்று கேட்டார் அருங்காட்சியக இயக்குநர்.

எலும்புக்காரருக்கும் அதே சந்தேகம்தான். என்றோ அழிந்துபோன ஒரு பெரிய மிருகத்தின் எலும்புகளை இரும்புச் சட்டத்தில் கோத்து நிறுத்துவது அவர் வேலை. முதலில் பின்னங்காலில் எழுப்பி நிறுத்தினார். வாலை முறித்தால்தான் அப்படி நிற்கும் என்று தெரிந்தது. பல்லி மாதிரி கால்களைப் பரப்பினார். விலா எலும்பு தரையில் இடித்தது. கால்களை உடம்புக்கு அடியில் நேராகக் கொண்டுவந்தார். ஒருவழியாக நின்றது.

"மேசை மாதிரி நிக்குதுய்யா! உயிரோட நடந்த பிராணிதானே? திறப்பு விழாவுக்குள்ள அது நடக்கற மாதிரி தெரியணும். இல்லன்னா நீங்க கிடங்குல உக்காந்து பெட்டிக்குச் சீட்டு ஒட்டுங்க. வேற ஆளைப் பாத்துக்கறேன்."

கிடங்கு என்றதும் எலும்புக்காரர் மிருகத்தின் பக்கம் திரும்பினார். 'எலும்புக்காரர்' என்று சக ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர் சும்மா வந்ததா? தசை இழுத்த இடத்தில் எலும்பு மேடு தட்டியிருக்கும். மூட்டைப் பார்த்தால் கால் எதுவரை மடங்கும் என்று தெரியும். மண்டை ஓட்டில் கழுத்து வந்து சேரும் இடத்தைத் தடவியே, பிராணி தலையைத் தூக்கி நடந்ததா, தொங்கப்போட்டு நடந்ததா என்று சொல்லிவிடுவார். "சதை பொய் சொல்லும், எலும்பு சொல்லாது" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அன்றும் கண்ணை மூடித் தடவினார். வலது முட்டி நன்றாகத் தேய்ந்திருந்தது. இடது தொடை எலும்பில் மேடு தடித்திருந்தது.

"அட, உனக்கு முட்டிவலியா!" என்றார் மிருகத்திடம்.

சரி, நொண்டுகிற கனத்த உடம்பு எப்படிச் சாயும்? தோள் எங்கே இறங்கும்? அதற்கு உயிருள்ள நடை ஒன்று வேண்டும். நல்லவேளை, அது அவர் வீட்டிலேயே இருந்தது. ஒரு வாரம் என்று வந்து, வலது முட்டிவலியால் ஊர் திரும்ப முடியாமல் மாதக்கணக்கில் தங்கிவிட்ட மாமியார்!

அன்று முதல் மாமியார் எழுந்தால் அவர் கண்ணும் கூடவே எழுந்தது.

"என்னங்க இது, எங்கம்மா காலையே முறைச்சுப் பாக்கறீங்க?" என்று மனைவி சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். "எப்ப கிளம்புவாங்கன்னு பாக்கறீங்களா?"

"சேச்சே! செத்துப்போன மிருகம் ஒண்ணு, அப்படியே உங்கம்மா மாதிரி நடக்குது. அதான்."

அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டு மேசையில் வந்து விழுந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

வேறு வழியில்லாமல் மாமியாரிடமே போய் நின்றார். "அத்தை, திறப்பு விழா வரைக்கும் நீங்க கண்டிப்பா இங்கதான் இருக்கணும். தினமும் எனக்காகக் கொஞ்சம் நடந்து காட்டணும். என் வேலையே உங்க முட்டியிலதான் இருக்கு."

மாமியார் திருதிருவென்று விழித்தார். "ஒருவேளை வலி குறைஞ்சிட்டா, மாப்பிள்ளை?"

"ஐயையோ, குறையவே கூடாது!"

கூடத்தில் மாமியார் நடக்க, பின்னாலேயே அளவு நாடாவோடு தவழ்ந்தார் எலும்புக்காரர்.

"இத்தனை வருஷத்துல என் நடையை இப்படி உக்காந்து பாத்தது நீங்க ஒருத்தர்தான், மாப்பிள்ளை," என்றார் மாமியார் ஒருநாள்.

எலும்புக்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த மனுஷியை ஊருக்கு அனுப்ப எத்தனை தடவை பேருந்து நேரம் விசாரித்திருக்கிறார்!

மிருகமும் மெல்ல உயிர் பெற்றது. விழாவுக்கு முந்தின நாள் காலையில்தான் இடி விழுந்தது. மாமியார் இடது காலை நொண்டிக்கொண்டு வந்தார்.

"அத்தை! வலி வலது காலிலேதானே?"

மாமியார் குனிந்து இரண்டு கால்களையும் பார்த்தார். "இப்ப இங்க மாறிடுச்சு, மாப்பிள்ளை."

எலும்புக்காரருக்குப் பொறி தட்டியது. ஆமாம்! பாரம் தாங்கித் தாங்கி நல்ல காலும் கெட்டுத்தானே போகும்? சட்டையைப் பாதி வழியில் மாட்டிக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு ஓடினார். மிருகத்தின் இடது முட்டியைத் தடவினார். தேடினால் கிடைக்காமலா போகும்? லேசாகத் தேய்ந்த மாதிரிதான் இருந்தது. முடுக்கியதையெல்லாம் கழற்றினார். இடுப்பைத் திருப்பினார், தலையை இறக்கினார். கடைசியில் அந்த மிருகம், அடுத்த அடியை எந்தக் காலில் வைப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றது.

விழாவில் பேச்சுச் சத்தத்தோடு உள்ளே வந்த கூட்டம், அதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"நடக்குதுய்யா! வலியோட நடக்குது!" என்று தோளில் தட்டினார் இயக்குநர். "கிடங்குப் பேச்சை மறந்துடுங்க."

மாமியார் அண்ணாந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், எவ்வளவு வலிச்சிருக்கும்."

"எல்லாம் உங்க நடைதான், அத்தை," என்றார் எலும்புக்காரர்.

அப்போது பயணப்பையோடு மாமனார் உள்ளே நுழைந்தார். தன் மனைவியைக் கையோடு ஊருக்கு அழைத்துப்போக வந்திருந்தார். அவரைக் கண்டதும் மாமியார் சட்டென்று முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, அத்தை இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்," என்று கெஞ்சினார் எலும்புக்காரர். "இந்த முட்டிவலியோட எப்படி அனுப்பறது?"

மாமனார் மனைவியைப் பார்த்தார். பிறகு மிருகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"முட்டிவலியாவது ஒண்ணாவது! ஊருக்குக் கூப்பிட்டா மட்டும்தான் இவ நொண்டுவா, மாப்பிள்ளை. எந்தக் கால்னு அவளுக்கே ஞாபகம் இருக்காது."