பாயிண்ட் சார் அனுப்பாத கார்டு

கம்ப்யூட்டருக்குப் பனை விசிறியால் விசிறிவிட்ட மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பெங்களூர் தொடங்கி ஹோசூர் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படி இன்னொருவர் அகப்பட மாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி. ஹெப்பகோடியில் வரிசையாக ஆறு ரூம். எனக்குப் பக்கத்து ரூம் பாயிண்ட் சார், ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க். கல்யாணம் இல்லை, வீட்டு மனுஷர் என்று யாரும் வந்ததில்லை. இருந்ததெல்லாம் ஒரு கம்ப்யூட்டர், அதில் ஒரு செஸ் ப்ரோக்ராம். யார் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று அது எண்ணால் சொல்லும். ப்ளஸ் என்றால் நமக்கு நல்லது, மைனஸ் என்றால் சங்குதான், சைபர் என்றால் சரிசமம். மனுஷன் மெஸ் சாம்பாருக்கும் அதே கணக்கில் மார்க் போடுவார். "இன்னிக்கு மைனஸ் பாயிண்ட் ஃபோர்ங்க. பருப்பு டெவலப் ஆகல."

ஜபல்பூரில் ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரரோடு தபாலிலேயே செஸ் ஆடினார். எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்று போஸ்ட் கார்டில் நாலு எண் எழுதினால் ஒரு நகர்த்தல். அவர் கார்டில் கீழே இரண்டு வரி ஊர்க்கதையும் வரும். 'இங்கே நல்ல மழை. முழங்கால் வீக்கம் குறையவில்லை.' இரண்டு வருஷமாகியும் ஆட்டம் ஓப்பனிங்கை, அதாவது ஆரம்ப நகர்த்தல்களைத் தாண்டவில்லை. ஒவ்வொரு கார்டுக்கும் கம்ப்யூட்டரை மூன்று நாள் விடாமல் யோசிக்க விடுவார். சூடாகிவிடுமாம், அதற்குத்தான் விசிறி.

"சார், ஆஃப் மாட்ரி சார்! பொட்டி வெடிச்சா யாரு பதில் சொல்றது?" என்று வீட்டுக்கார அம்மா கன்னடம் கலந்து கத்துவார்.

"யோசிக்கறப்ப எழுப்பக் கூடாதும்மா" என்பார் இவர்.

ஒரு தடவை டைபாய்டு வந்து ஆனேக்கல் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். குறித்த நாளுக்குள் கார்டு போகாவிட்டால் தோல்வி என்று எனக்குத் தெரியும். ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். விலாசம் எழுதிய கார்டு தயார், நாலு எண் மட்டும் பாக்கி. திரையில் கம்ப்யூட்டர் சொன்ன நகர்த்தல்கள் வரிவரியாக இருந்தன; முதல் வரி ப்ளஸ் அஞ்சு என்றது. இந்த மனிதரோ நோட்டில் நாலாவது வரிக்கு டிக் போட்டிருந்தார். வெறும் சைபர்! காய்ச்சலில் புத்தி தடுமாறிவிட்டது பாவம் என்று முதல் வரியை எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அன்று எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, சொல்லி மாளாது.

டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஜபல்பூர்க்காரரு ரெண்டு தடவை தப்பா ஆடினாருங்க. ரெண்டு தடவையும் விட்டுட்டேன். ஜெயிக்கறதுக்கா மிஷின் வச்சிருக்கேன்? எதை ஆடினா ஆட்டம் முடியாதுன்னு பாக்கத்தான். ஆட்டம் முடிஞ்சா எனக்கு யாருங்க கார்டு போடுவா?"

மூன்றாவது வாரம் ஜபல்பூர் கார்டு வந்தது. 'தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். நல்ல ஆட்டம்.' முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாயிண்ட் சார் பதில் எழுதினார், இன்னொரு ஆட்டம் ஆடலாமா என்று. அதற்குப் பதிலே வரவில்லை.

கம்ப்யூட்டருக்கு உறை போட்டுவிட்டார். சாம்பாருக்கு மார்க் போடுவதும் நின்றது. "ஏன் சார், பொட்டி ஓடல?" என்று வீட்டுக்கார அம்மாவே கவலைப்பட்டார். செய்த பாவத்துக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு செஸ்ஸில் குதிரை எப்படிப் போகும் என்பதற்கு மேல் தெரியாது. ஆனாலும் ஒரு கார்டு வாங்கி, அவர் பழைய கார்டில் பார்த்த முதல் நகர்த்தலையே 5254 என்று எழுதி, 'மெஸ்ஸில் இன்று ரசம் மோசம்' என்று கீழே சேர்த்துப் பக்கத்து ரூம் விலாசத்துக்கே அனுப்பினேன். நாலாம் நாள் தபால்காரர் எனக்கு ஒரு கார்டு நீட்டினார். நாலு எண். கீழே, 'மைனஸ் பாயிண்ட் சிக்ஸ்.' சுவருக்கு அந்தப் பக்கம் விசிறிச் சத்தம் கேட்டது.

நான் சென்னைக்கு மாறி வருஷங்களாகிவிட்டன. அந்த ஆட்டம் இன்னும் நடக்கிறது. போன வாரம் என் மகனுடைய கம்ப்யூட்டரில் காய்களை அடுக்கிப் பார்த்தேன். மைனஸ் ஒன்பது. ஒரே ஒரு கார்டில் அவர் என்னை முடித்துவிடலாம்.

இன்று காலை கார்டு வந்தது. நாலு எண் இருந்தது, ஆனால் என்னை முடிக்கும் அந்த நகர்த்தல் இல்லை. 'முழங்கால் வலிக்கிறது' என்று எழுதியிருந்தார்.