பாசிட்டிவ் அண்ணாச்சி

தனக்கு நோய் வந்ததற்கு ஊருக்கே சேவு வாங்கிக் கொடுத்த ஒரே மனிதர், திருத்தங்கல் அச்சகத்தில் எங்களோடு இருந்த பாசிட்டிவ் அண்ணாச்சிதான்.

நான் ஆர்டர் எடுப்பவன், அவர் பிளேட் போடுபவர். அந்தக் காலத்தில் பிலிம் நெகட்டிவ் என்றால் வேலை பாதியில் நிற்கிறது. பாசிட்டிவ் வந்துவிட்டால் பிளேட் போட்டு அச்சு மிஷினில் ஏற்றலாம். பிலிம் போய்க் கம்ப்யூட்டர் வந்தும் அண்ணாச்சி பேச்சு மாறவில்லை. மகளுக்கு வரன் அமைந்தால் பாசிட்டிவ். மெஸ்ஸில் ரசம் தேறினால் பாசிட்டிவ். முதலாளி முகம் மட்டும் எப்போதும் நெகட்டிவ்.

அச்சகத்தில் குடல் புற்றுநோய் முகாம் போட்டார்கள். டப்பாவில் மலம் கேட்ட நர்ஸம்மாவிடம், "நாலு கலர்ல வேணுமா, சிங்கிள் கலர் போதுமா?" என்றார். சில நாளில் போன் வந்தது.

"உங்களுக்குப் பாசிட்டிவ். ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போங்க."

அவ்வளவுதான் சொன்னார்கள். சாயங்காலம் எல்லோர் கையிலும் சாத்தூர் சேவு.

"ஏலே, குடலு பாஸாயிருச்சு! சாப்பிடுங்கலே!"

"அண்ணாச்சி, கொரோனாவுல பாசிட்டிவ்னா என்னன்னு மறந்துட்டீகளா?" என்றேன்.

"அது சைனாக்காரன் பாசிட்டிவ்லே. இது நம்ம குடலு!"

நானே போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன்: மலத்தில் ரத்தம் தெரிகிறது, குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும். மனிதர் முகம் சுருங்கியது. "சீசன் முடியட்டும்லே" என்றார். முதலாளியும் அதையே சொன்னார். பட்டாசு லேபிள் முடிந்தால் காலண்டர், அது முடிந்தால் கல்யாணப் பத்திரிகை. இந்த ஊரில் சீசன் முடிந்து யார் பார்த்தது? முகாமில் போட்டோவுக்கு முண்டியடித்த கூட்டத்தில் ஒருவரும் மறுபடி அவரைக் கூப்பிடவில்லை.

அடுத்த தீபாவளி லேபிள் ஓடும்போது மிஷின் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். "அப்பவே வந்திருந்தா கட்டியைக் குழாய்லயே கிள்ளி எடுத்திருக்கலாம்" என்றார் டாக்டர். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

கடைசியாகப் பார்த்தபோது அண்ணாச்சி படுக்கையில் ஒட்டிக் கிடந்தார். "ஏலே, ஆளுக்குப் புரியாத வார்த்தையவா அடிச்சு விடுறது? ஆஸ்பத்திரியில புரூஃப் பாக்க ஆளே இல்லியா?" என்றார். என்னால் சிரிக்கவும் முடியவில்லை.

இந்த வருஷ முகாம் முடிந்து, நான் எடுத்த அச்சகப் போனில் நர்ஸம்மா "பாசிட்டிவ்" என்று ஆரம்பித்ததும், "ரத்தம் தெரியுதுன்னு சொல்லுங்கம்மா!" என்று கத்திவிட்டேன். பைண்டிங் முருகனுக்குத்தான் அந்தச் செய்தி. மறுநாளே அவரைப் பைக்கில் ஏற்றி விருதுநகர் கூட்டிப்போய்க் குழாய் விட்டுப் பார்க்க வைத்தேன். சின்னக் கட்டி, அங்கேயே எடுத்துவிட்டார்கள். நல்ல சீசன் நேரம், முதலாளி முகம் அசல் நெகட்டிவ்.

திரும்பும் வழியில் சேவு வாங்கினேன். அண்ணாச்சி பங்கைத் தனியாகக் கட்டச் சொல்லிவிட்டேன், வாய் தவறி.