மாமா வாங்கிக் கொடுத்த கார்டு

"அப்பா, எங்க இருக்கீங்க? உங்க கார் இன்னும் சுவத்துல முட்டிக்கிட்டே நிக்குது."

"நான் நகர்றேன்டா. இது நகர மாட்டேங்குது!"

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர் அவர். முப்பது வருஷமாக ஊரார் தப்பைக் கண்டுபிடிப்பதே தொழில். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் தூக்கம் வராது. ஆனால் ஞாயிறு நாலு மணிக்கு, வேலைக்காக வெளியூர் போன மகனோடு கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆட உட்கார்ந்தால், திரை திக்கித் திக்கித்தான் ஓடியது. வாரத்தில் அவன் மனம்விட்டுப் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான். ஆட்டம் இல்லாவிட்டால் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்று போன் முடிந்துவிடும்.

"இன்னைக்கும் இப்படித்தான்னா விட்டுரலாம்ப்பா," என்றான் மகன். குரலில் கோபம்கூட இல்லை.

"பத்தே நிமிஷம், லைன்லயே இரு. எல்லாம் அந்த கிராபிக்ஸ் கார்டு பண்ற வேலை. உன் மாமா வாங்கிக் கொடுத்ததாச்சே, உருப்படுமா?"

மாமாவின் அக்கா, அதாவது அவர் மனைவி, துணி மடித்தபடியே ஒரு பார்வை பார்த்தாள்.

முதலில் கார்டின் மென்பொருளைப் புதுப்பித்தார். எழுத்தெல்லாம் யானை அளவுக்குப் பெருத்துவிட்டது. அதைச் சரிசெய்யப் போய் எதையோ குறைத்தார். காருக்குச் சக்கரமே காணோம். சரி, தூசிதான் காரணம் என்று பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மனைவியின் ஹேர் டிரையரால் ஊதினார். ஏழு வருஷத் தூசி கிளம்பி, மடித்து வைத்த துணிமேல் நிதானமாக இறங்கியது.

"கையை வெச்சிக்கிட்டு சும்மாவே இருக்க மாட்டீங்களா?" தும்மலுக்கு நடுவே மனைவி கத்தினாள். "அந்த மெக்கானிக் பொண்ணக் கூப்பிடுங்க!"

தெருமுனைக் கம்ப்யூட்டர் கடை மெக்கானிக் வந்தாள். பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கம் டார்ச் அடித்தாள்.

"சார், கார்டு மேல ஒரு தப்பும் இல்ல. மானிட்டர் ஒயரை அதுல சொருகவே இல்லையே! பக்கத்துல இருக்கிற சாதா ஓட்டையில இருக்கு. கார்டு ஓட்டைய யாரோ கறுப்பு டேப் போட்டு மூடியிருக்காங்க. பாவம், வருஷக்கணக்கா சும்மா உக்காந்திருக்கு. யார் சார் இந்த வேலைய பாத்தது?"

டேப்பின் ஓரங்கள் அடிமட்டம் வைத்து வெட்டியதுபோல நேராக இருந்தன. அப்படி வெட்டுகிற ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான்.

மகனின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பு, அவன் குளிக்கப்போன நேரத்தில் ஒயரை மாற்றிச் சொருகிவிட்டு அவரே ஒட்டியது. "கேம் திக்குதுப்பா, கொஞ்சம் பாருங்களேன்" என்று அவன் வந்து நின்றபோதெல்லாம், "மெஷின்னா அப்படித்தான், போய்ப் படி" என்று முகம் மாறாமல் சொன்னார். பரீட்சை முடிந்த அன்றுகூட ஒருதரம் கேட்டான். அன்றைக்கும் அதே பதில்தான், பழக்கதோஷம். அப்புறம் அவன் கேட்கவே இல்லை. அவன் ஊரைவிட்டே போனான். டேப் அடியோடு மறந்துபோனது. சே, என்ன மனுஷன் நான்!

மெக்கானிக் டேப்பைப் பிய்த்து, ஒயரை மாற்றிச் சொருகினாள். கார் திக்காமல் பறந்தது.

அவர் மைக்கை இழுத்துத் தொண்டையைச் செருமினார். "டேய்... ஒண்ணுமில்ல. ஒயர் லூசா இருந்திருக்கு."

"டேப்புதானேப்பா? நீங்க ஒட்டின மறுநாளே பாத்துட்டேன். பரீட்சை முடிஞ்சதும் நீங்களே எடுப்பீங்கன்னுதான் விட்டுவெச்சேன்."