பூதத்தின் எட்டாவது பிள்ளை

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே கைக்குழந்தைகளை அடுப்பில் வைத்து எடுத்த ஒரே மனிதர் பூதம்தான். வதந்தி இல்லை. நானே பக்கத்தில் நின்று கடிகாரம் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைக்கு எட்டு நிமிடம். ஏழரையில் எடுத்தால் நிறம் ஒட்டாது. ஒன்பதைத் தொட்டால் மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். எல்லாம் என் டைரியில் இருக்கிறது.

பூதம் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. முப்பது வருடம் உளுந்தூர்பேட்டை ரோட்டோரப் பட்டறைகளில் லாரிக்குப் பெயிண்ட் அடித்தவர். லாரியின் பின்பக்கம் கொம்பும் கோரைப்பல்லுமாக, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு திருஷ்டி பூதம் இருக்குமே, அதை வரைவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் பூதம் போட்ட லாரியைப் பின்னால் வருகிற பைக்குக்காரர்கள் முந்தாமல், கொஞ்சம் இடைவெளி விட்டே வருவார்கள். நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. ஆனால் ரேஷன் கடைக்காரரே, "பூதம் அண்ணே, சக்கர வந்துட்ச்சி" என்றுதான் குரல் கொடுப்பார். அவர் மனைவி ஜாக்கெட் தைப்பவர், பார்க்க லட்சணமான பெண்மணி. அந்தப் பாவத்துக்கு அவரும் தெரு முழுக்கப் பூதத்தக்கா ஆனார்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான வருடம், ஸ்ப்ரே புகை நெஞ்சில் சேர்ந்துவிட்டது, இனிப் பட்டறைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்து வந்த ஊரடங்கில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தவர் ஒரு வீடியோ பார்த்தார். யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண், ரப்பர் போன்ற ஒரு மொட்டைத் தலைக்கு வண்ணம் ஒற்றி ஒற்றி, கடைசியில் அதைப் பத்து நாள் குழந்தையாக்கித் தொட்டிலில் போடுகிறாள். பேசிய பாஷை பூதத்துக்குப் புரியவில்லை. பிரஷ் பிடித்த கை புரிந்தது.

சில நாளில் கொரியரில் ஒரு பெட்டி வந்தது. லைனிங் துணி என்று நினைத்துப் பூதத்தக்கா பிரித்தார். உள்ளே ஒரு தலை, இரண்டு கை, இரண்டு கால். அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டிலிருந்து நான் ஓடினேன். இந்த விஷயத்துக்குள் நான் வந்து சேர்ந்தது இப்படித்தான். கிழமை வியாழன்.

தலையும் கைகாலும்தான் பெட்டியில் வரும். உடம்பைத் துணியில் தைத்துக்கொள்ள வேண்டும். தைத்தவர் பூதத்தக்கா, ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முணுமுணுப்போடு. உள்ளே பஞ்சும், கோமுகி ஆற்று மணலைக் கழுவி, வறுத்து, சலித்ததும். பிறந்த பிள்ளை என்றால் இரண்டே முக்கால் கிலோ இருந்தாக வேண்டும் என்பது பூதத்தின் கணக்கு. தெருமுனைக் காய்கறிக் கடைத் தராசில் பிள்ளையைப் படுக்க வைத்து எடை பார்ப்போம். சரியாக வந்ததும் கடைக்காரர் கை தன்பாட்டுக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலையை மேலே போட்டுவிடும்.

நிறம் பூசுவதுதான் பெரிய வேலை. தண்ணீர் மாதிரி ஒரு பூச்சு, பஞ்சால் ஒற்றல், பிறகு சூடு. மறுபடி பூச்சு, மறுபடி சூடு. ஒரு பிள்ளைக்கு இருபது சுற்றுக்குக் குறையாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரிக்காரர், பின்கட்டில் சும்மா கிடந்த பழைய சின்ன ஓவனை அங்கேயே வைத்துப் பயன்படுத்தக் கொடுத்தார். ஒரு நாள் சூடான பப்ஸ் கேட்டு வந்தவர், தாமதம் பொறுக்காமல் பின்கட்டை எட்டிப் பார்த்தார். தட்டில் ஒரு தலை, பக்கத்தில் இரண்டு கை, எதிரே பூதம், கையில் கடிகாரத்தோடு நான். "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று நான் வேறு சொல்லிவிட்டேன். அந்த மனிதர் அன்றிலிருந்து அந்த பேக்கரி இருக்கும் பக்கமே நடப்பதில்லை. பேக்கரிக்காரர் மறுநாளே அங்கே ஒரு திரை தொங்கவிட்டார்.

முதல் பிள்ளை வீடியோவில் பார்த்தபடியே ரோஜா நிறத்தில் வந்தது. தெருப்பெண்கள் வந்து பார்த்து, வெள்ளைக்காரப் பிள்ளை அழகு என்றார்கள். பூதம் மனம் உடைந்துபோனார்.

"நம்மூர்ல எந்தப் புள்ள சார் ரோஸ் கலர்ல பொறக்குது? நானு வூடியோவப் பாத்துப் பண்ணிட்டேன். புள்ளயப் பாத்துப் பண்ணலை."

அன்றிலிருந்து தெருவில் எந்த வீட்டில் பிரசவமானாலும் பூதம் போய் நிற்பார். குழந்தையைக் கண் கொட்டாமல் அரைமணி நேரம் பார்ப்பார். நகம், நெற்றிப்பொட்டு நரம்பு, மூக்கின் மேல் வெண்புள்ளிகள், மணிக்கட்டில் தோல் உரிகிற இடம். முக்கியமாகக் காது ஓரம். பிள்ளை பின்னால் என்ன நிறத்துக்கு வரும் என்பதைக் காது ஓரத்தில்தானே பார்ப்போம்? அதை வரையாமல் எப்படி என்பார். பிள்ளை பெற்ற வீட்டில் ஒருவர் இப்படி முறைத்துப் பார்த்தால் யார் பொறுப்பார்கள்? முகம் சுளித்தார்கள். பூதத்துக்கு அது தெரியும்; முப்பது வருடம் கண்ணேறுக்கு எதிராகவே பிரஷ் பிடித்தவர். சட்டைப் பையில் உப்பும் காய்ந்த மிளகாயும் பொட்டலமாகக் கட்டி எடுத்துப் போவார். பார்த்து முடித்ததும் பொட்டலத்தை வைத்துவிட்டு, "நான் போனதும் சுத்திப் போட்ருங்க" என்று அவரே சொல்லிவிட்டு வருவார். தனக்கு எதிரான பரிகாரத்தைத் தானே சுமந்து போன மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முடிக்காகக் கல்வராயன் மலைக்குப் போனோம். வெள்ளிமலையில் ஆடு வைத்திருந்த ஒருவரிடம் போய், ஒவ்வொரு குட்டியாகத் தூக்கி வயிற்று முடியைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார் பூதம். ஆட்டுக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு, "கறிக்கா, வளக்கவா?" என்று கேட்டார். "முடிக்கு" என்றார் பூதம். ஆட்டுக்காரர் என்னைப் பார்த்து, இவரைத் தனியாக எங்கேயும் விடாதீர்கள் என்றார். ஒரு பிடி முடி கிடைத்தது. ஊசியால் ஒவ்வொன்றாக மண்டையில் நட்டு முடித்த வாரம் மழை பிடித்தது. ஈரக் காற்றில் அந்தப் பிள்ளையிடமிருந்து கிடா வாடை வந்தது. அடுத்த பிள்ளைகளின் முடிக்குச் சீயக்காய் போட்டுத்தான் நட்டார்.

இவ்வளவு செய்தும் ஒன்றைக்கூட விற்கவில்லை. காரணத்தை ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

"நெசப் புள்ளய யாருனா அழகா கீதுன்னு வாய்வுட்டுச் சொல்வாங்களா சார்? கண்ணு பட்ரும்னு சொல்ல மாட்டாங்க. சுமாரா கீது, மூக்கு சப்பையா கீதும்பாங்க. அழகுன்னு சொல்லிட்டா, மனசுக்குள்ள பொம்மன்னு தெரிஞ்சிபோச்சின்னு அர்த்தம்."

அவருக்காக நான் ஒரு நோட்டு போட்டேன். எத்தனையாவது பிள்ளை, எடை, யார் பார்த்தார்கள், என்ன கிழமை, என்ன சொன்னார்கள். கடைசிக் கட்டம் நெடுக அழகு, ரொம்ப அழகு, கொள்ளை அழகு. ஒவ்வொரு அழகுக்கும் பூதம் ஒரு நாள் சாப்பிட மாட்டார். மருந்து போட்டு நிறத்தை வழித்துவிட்டு, அதே தலையில் மறுபடி தொடங்குவார். இருந்தது மூன்றே தலை. அதில் ஏழு பிள்ளைகள் பிறந்து அழிந்தன.

இதற்கிடையில் பூதத்தக்காவின் தம்பி ஒரு முடிவோடு வந்தார். உளுந்தூர்பேட்டையில் நாற்கரச் சாலை ஓரம் பெரிய ஹோட்டல் வைத்திருப்பவர். அந்த மாதிரி ஹோட்டல்களின் வாசலில் ஒருவர் மெரூன் கோட்டும் தங்க ஜரிகையும் தொப்பியுமாக நின்று, விசில் ஊதிக் கார்களை உள்ளே அழைத்து, சல்யூட் அடிப்பார் அல்லவா? அந்த இடம் காலி. பொங்கலுக்குள் ஒரு பொம்மையாவது விற்காவிட்டால் மாமா அங்கே வந்து நிற்க வேண்டும் என்று அக்காவும் தம்பியும் பேசி முடித்துவிட்டார்கள். அளவெடுத்துத் தைத்த கோட்டை, விசிலோடு, பூதம் வேலை செய்யும் அறையின் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார் தம்பி. பூதம் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"லாரிக்குப் பெயிண்டு அடிச்ச கை சார். இப்போ லாரிக்கு சல்யூட் அடிக்கணுமா?"

கார்த்திகையில் அதிர்ஷ்டம் வீடு தேடி வந்தது. நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சரம்மா ஒருவர். பிள்ளையைத் தூக்கவும் குளிப்பாட்டவும் துணி சுற்றவும் கற்றுக்கொடுக்க நிஜ எடையில் பொம்மை வேண்டும், முதலில் ஒன்று, பிடித்திருந்தால் இன்னும் பத்து என்றார். ஏழாவது பிள்ளையைக் கையில் வாங்கியவர் முகம் மலர்ந்து, "ரொம்ப அழகா இருக்குங்க, அப்படியே கொழந்தை மாதிரியே" என்றார்.

பூதம் பிள்ளையை மெதுவாக அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். "இது இன்னும் ஆவலைங்க. போகிக்கு மொத நாள் வாங்க."

டீச்சரம்மா தெருமுனை திரும்பும்வரை பூதத்தக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "வாங்க வந்தவங்க கைல இருந்து புடுங்கினு அனுப்புற யாவாரிய நான் இப்போதான் பாக்கறேன். போங்க. போயி விசிலு ஊதுங்க."

மார்கழி முழுக்க எட்டாவது பிள்ளை. இருபத்தாறு சுற்று, கணக்கு என்னிடம் இருக்கிறது. இந்த முறை கன்னத்தில் ஒரு கீறல் வைத்தார். பிள்ளைகள் தங்கள் நகத்தாலேயே கீறிக்கொள்ளுமே, அந்த மெல்லிய கோடு.

போகிக்கு முந்தின நாள் காலை, தம்பி காரோடு வந்து இறங்கினார். ஹோட்டலில் கத்திப் பழகிய தொண்டை. தெரு தொடங்கும் இடத்திலேயே கேட்டது. "மாமா, கெளம்பு. சென்னையில இருந்து வண்டி அள்ளிக்கினு வருது, கோட்ட மாட்டு, போற வழியில..." என்று அறைக்குள் நுழைந்தவர், கட்டிலில் துணி சுற்றிக் கிடந்ததைப் பார்த்ததும் குரலைப் பாதியில் விழுங்கினார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து குனிந்தார்.

"யாரு புள்ளக்கா?" என்று கிசுகிசுத்தார். "மூக்கு சப்பையா கீது. காது ஓரத்தப் பாரு, கறுப்பாத்தான் வரும்." சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்துச் சுருட்டி, பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார்.

"டேய், அது பொம்மடா. உள்ள மணலு" என்றார் பூதத்தக்கா.

தம்பி நிமிர்ந்தார். நோட்டை எடுக்கக் கை நீட்டினார். நீட்டிய கை பிள்ளையின் விரலுக்கு அருகில் நின்றுவிட்டது. திரும்ப எடுக்க வரவில்லை. பூதம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். நான் என் கணக்கு நோட்டைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன்.

"சூப்பர் மாமா" என்றார் தம்பி. "இன்னா அழகு!"

பேனாவை மூடினேன். முதலில் சொன்னதையாவது எழுதிக்கொள்ளட்டுமா என்று பூதத்திடம் கேட்டேன். "அது தெரியாம சொன்னது சார். ஏமாத்துறது பெருசில்ல. பொம்மன்னு தெரிஞ்சும் அழகுன்னு சொல்ல வாய் வரக் கூடாது." சொல்லிவிட்டு எழுந்தார். ஆணியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டினார். தொப்பி வைத்தார். விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அந்த மீசைக்கு அந்த உடுப்பு பிரமாதமாகப் பொருந்தியது. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து டீச்சரம்மா வந்தார். மெரூன் கோட்டில் நின்றவரைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துதான் போனார். பூதம் கட்டிலைக் காட்டினார். பூதத்தக்கா பிள்ளையைத் தூக்கினார், ஒரு கை தலைக்குக் கீழே, ஒரு கை இடுப்புக்குக் கீழே. டீச்சரம்மா துணியை விலக்கிப் பார்த்தார். கண் விரிந்தது. வாய் திறந்தது.

"ஒண்ணும் சொல்லாதீங்க டீச்சரு" என்றார் பூதத்தக்கா, வெடுக்கென்று. "சுமாராத்தான் கீது."

சொல்லிக்கொண்டே தன் கண் ஓரத்து மையை விரலால் தொட்டு, பிள்ளையின் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தார். "போறப்போ மூஞ்சிய மூடிக்கினு போங்க. வெளிய காத்து ஜாஸ்தி."

பூதத்தக்கா தன் விரலைப் பார்த்தார். அந்தப் பிள்ளையின் வயிற்றைத் தைத்தவர் அவர். மணலை வறுத்தவரும் அவர்தான். சேலையில் விரலை வேகமாகத் துடைத்துக்கொண்டு, யார் மீதோ கோபம் வந்தவர் போல உள்ளே போய்விட்டார்.

பூதம் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். தொப்பி ஒரு பக்கம் சாய்ந்தது. "எழுதிக்கினீங்களா சார்?" என்றார். எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அடுத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. விசிலை எடுத்து நீளமாக ஒரு ஊது ஊதினார். வாசலில் போய்க்கொண்டிருந்த ஷேர் ஆட்டோ நின்றது. டீச்சரம்மா பிள்ளையோடு அதிலேயே ஏறிப் போனார். உள்ளே இருந்த ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

தம்பி வேறு ஆள் பார்த்துக்கொண்டார். நூறு ரூபாயை அவர் கடைசிவரை கேட்கவில்லை. அந்த மெரூன் கோட்டைப் பூதத்தக்கா வெட்டி, அடுத்த பிள்ளைக்கு ஜரிகை வைத்த சட்டை தைத்துவிட்டார். பத்துப் பொம்மைகளும் போய்ச் சேர்ந்து, மாணவிகள் தினமும் குளிப்பாட்டுகிறார்கள். எத்தனை தேய்த்தாலும் உள்ளங்கால் பொட்டு போகவில்லையே என்று டீச்சரம்மா போன் செய்தார். எப்படிப் போகும்? இப்போதெல்லாம் பொட்டையும் வைத்து எட்டு நிமிடம் ஓவனில் சுட்டுத்தான் பூதம் அனுப்புகிறார். கடிகாரம் நான்தான்.

உங்களைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்று போன வாரம் பூதத்திடம் சொன்னபோது, பார்த்து எழுதுங்கள் என்று மட்டும் சொன்னார். பார்த்துத்தான் எழுதுகிறேன். என் டைரிகளில் எத்தனையோ பேரைத் தாராளமாகப் புகழ்ந்து வைத்திருக்கிறேன். இவர் பக்கத்துக்கு வந்தால் மட்டும் கை வரமாட்டேன் என்கிறது. சுமாரான மனிதர்தான். மூக்கும் கொஞ்சம் சப்பை.