மாட்டுத் தொட்டிக்குள் நான்

பிள்ளைகளை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வியாதி வரும். உள்ளே சொல்லிக்கொடுப்பதெல்லாம் நமக்கும் வந்துவிட்டது என்று தோன்ற ஆரம்பிக்கும். நாட்டிய வகுப்பு வாசலில் உட்கார்ந்தே என் தோழி ஒருத்தி இன்று அடவு திருத்துகிறாள். நீச்சல்குளக் கரையில் நின்ற ஒரு அங்கிள் (முழங்கால் தண்ணீருக்கே பயப்படுகிறவர்) மூச்சு விடும் முறை பற்றி அரைமணி நேரம் பேசுவார். எனக்கு அந்த வியாதி குதிரை ரூபத்தில் வந்தது.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஆலனில். கணவர் சேகர் திருச்சிக்காரர், கம்ப்யூட்டர் வேலை. நான் மாலதி, மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். ஒரே மகள் யாழினி. அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் வயலின், செஸ் என்று போனபோது இவள் மட்டும் குதிரை என்றாள். ஃப்ரீவேயை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு குதிரைப் பண்ணை. ஆறு வருஷம் சனிக்கிழமை தோறும் கொண்டுபோய் விட்டேன். மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்கில் காபி, எதிரே வேலி. முதல் வருஷம் சும்மா பார்த்தேன். அப்புறம் கத்த ஆரம்பித்தேன். "யாழி, குதிகாலை இறக்கு! முதுகு, முதுகு!" பயிற்சி கொடுக்கும் அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பாராட்டுகிறார் என்றே நினைத்துக்கொண்டேன்.

ஹைஸ்கூல் முடிக்கிற வருஷம் யாழினி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கார் வேண்டாம், பார்ட்டி வேண்டாம், கென்யா போகவேண்டும். அங்கே லைக்கிப்பியா என்று ஒரு மேட்டுநிலம். பரந்த மாட்டுப் பண்ணைகள். மாடும் வரிக்குதிரையும் பக்கத்தில் பக்கத்தில் மேயும். யானையும் சிங்கமும் அவை பாட்டுக்குக் குறுக்கே போகும். அதற்கு நடுவே முகாம் விட்டு முகாமாக, ஒரு வாரம் குதிரையிலேயே போகலாம். ஆனால் குதிரை நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள்தான் வரலாம். ஏதாவது துரத்தினால் ஓடவேண்டுமே! தவிர, பதினெட்டு ஆகாதவர்களோடு அப்பாவோ அம்மாவோ கூடவே குதிரையில் வரவேண்டும்.

"நான் ஏறினா குதிரைக்குத்தான் பிசியோதெரபி பார்க்கணும்" என்று சேகர் கையைத் தூக்கிவிட்டார்.

"நான் போறேன். எனக்கென்ன, ஆறு வருஷமா பார்க்கறதுதானே" என்றேன்.

யாழினி சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள். (அந்த அணைப்பை நினைத்தால்தான் இன்றைக்கும் முகம் சுடுகிறது.) "பட் யூ ஹாவ் டு லேர்ன், மாம். ப்ராமிஸ்?" என்றாள். வீட்டில் நாங்கள் தமிழில் பேசினாலும் அவள் பதில் எப்போதும் ஆங்கிலத்தில்தான் வரும்.

ப்ராமிஸ் பண்ணினேன். வேறொரு பண்ணையில் சேர்ந்து இரண்டு வகுப்பு போனேன். இரண்டாவது வகுப்பு முடிந்து காரிலிருந்து இறங்க சேகர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அதே நேரத்துக்கு அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு கிளம்பி, இந்தியன் க்ரோசரிக் கடையில் ஒரு டீயும் சமோசாவும் வாங்கி, பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். "ஹவ் வாஸ் இட்?" என்று மகள் கேட்பாள். "பாய்ச்சல் கிட்டத்தட்ட வந்துடுச்சு" என்பேன். சட்டையில் சமோசாத் தூள் ஒட்டியிருக்கும்.

பயணத்தை நடத்துகிறவர் வஞ்சிரு என்ற கென்யப் பெண்மணி. வீடியோ காலில் வந்தார். எவ்வளவு நாளாகக் குதிரைப் பழக்கம் என்று கேட்டார்.

"ஆறு வருஷமாகக் குதிரைகளோடுதான் இருக்கிறேன்" என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. மொத்தமும் பொய்.

அங்கே போனதும் எங்களை ஒரு மைதானத்தில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். எனக்குக் கொடுத்த குதிரைக்கு ஜெனரல் என்று பெயர். மீசை இல்லாதது ஒன்றுதான் குறை. மற்ற குதிரைகள் ஓடின, அதுவும் ஓடியது. அவை நின்றன, அதுவும் நின்றது. நான் செய்ததெல்லாம் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு கந்தசஷ்டிக் கவசத்தில் எனக்குத் தெரிந்த பாதியைச் சொன்னதுதான். "நல்ல பேலன்ஸ்" என்றார் வஞ்சிரு. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

எங்களோடு வந்தவர்கள் ஹாலந்திலிருந்து ஒரு தம்பதி, ஹென்க், மரைக்கே. எழுபது தாண்டியவர்கள். சேணத்தில் உட்கார்ந்தால் வீட்டு சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருப்பார்கள். முதல் நாள் முழுக்க மெதுநடைதான். மஞ்சள் புல்வெளி, அதற்கப்பால் கென்யா மலை, வேலமரத்துக்கு மேலே தலையை நீட்டி எங்களைப் பார்க்கும் ஒட்டகச்சிவிங்கிகள். எல்லாரும் அழகு, அழகு என்றார்கள். என் கவனமெல்லாம் என் உடம்பின் ஒரே ஒரு பகுதியில் இருந்தது.

முகாமுக்கு வந்து இறங்கியதும் உட்காரவே முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். "உட்காரவில்லையா?" என்று ஹென்க் மரியாதையாகக் கேட்டார்.

"எங்கள் பக்கம் பயணத்தில் நின்றுகொண்டுதான் சாப்பிடுவோம்" என்றேன்.

பாவம், அந்த மனிதர் உடனே எழுந்து நின்றார். கணவர் நிற்கிறாரே என்று மரைக்கேயும் எழுந்தார். எங்கள் ஊர்ப் பண்பாட்டை அவமதிக்கக்கூடாது என்று கடைசி கவளம் வரை நின்றே சாப்பிட்டார்கள். யாழினி மட்டும் உட்கார்ந்து என்னை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்கும்.

மறுநாள் காலை ஒரு பெரிய சமவெளிக்கு வந்தோம். எதிரே வரிக்குதிரைக் கூட்டம். அதோடு சேர்ந்து பாய்ச்சலில் ஓடுவதுதான் இந்தப் பயணத்திலேயே பெரிய விஷயம். இதற்காகத்தான் யாழினி கண்டம் விட்டுக் கண்டம் வந்திருந்தாள். வஞ்சிரு வரிசையாக எங்களைப் பார்த்தார். "எல்லாரும் ரெடியா?"

அந்த ஒரு நொடி எனக்குக் கிடைத்தது. 'நான் வரவில்லை, எனக்குத் தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். "ரெடி!" என்று எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னேன்.

ஜெனரல் கிளம்பினான். கடிவாளம் கையை விட்டுப் போனது. என் ஒரு கால் சேணத்தின் மிதி வளையத்திலிருந்து கழன்றது. நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அம்மா! அம்மா!" என்று அலறினேன். அந்த அலறலில் வரிக்குதிரைகள் அத்தனையும் திசை மாறிப் புழுதிக்குள் மறைந்தன. யாழினி ஆசைப்பட்ட காட்சி அதோடு முடிந்தது. ஜெனரலுக்கும் வெறுத்துப் போயிருக்க வேண்டும். கூட்டத்தை விட்டு விலகி, சரிவில் இறங்கி, பண்ணை மாடுகளுக்காகக் கட்டியிருந்த சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு நேராக ஓடினான். தொட்டியருகே போனதும் சட்டென்று நின்றான். நான் நிற்கவில்லை.

பாசி படர்ந்த தண்ணீருக்குள் இடுப்பளவில் உட்கார்ந்திருந்தேன். ஹெல்மெட் மூக்குக்கு இறங்கியிருந்தது. எலும்பு எதுவும் உடையவில்லை. நாலைந்து மாடுகள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. அவமானத்தின் உச்சம் இதுதான் என்று நினைத்தேன். அப்போது மாடுகள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன.

ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்தேன். எதிர்ப்பக்கப் புதரை விலக்கிக்கொண்டு ஒரு யானை வந்துகொண்டிருந்தது. அதன் காலடியில் ஒரு குட்டி. அவர்களும் தண்ணீர் குடிக்கத்தான் வந்தார்கள். தாய் யானை என்னைப் பார்த்து நின்றது. காதுகள் விரிந்தன. வாயைத் திறந்தேன்.

"அம்மா. கத்தாதே."

யாழினியின் குரல். எனக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி. தமிழில்.

"அப்படியே உட்காரு. அசையாதே. நான் இங்கதான் இருக்கேன்."

திரும்பிப் பார்க்க தைரியமில்லை. குதிரை மூச்சு விடும் சத்தம் கேட்டது. அவள் போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அவள் குழந்தையாக இருந்தபோது நான் சொன்ன அதே தொனியில் அவள் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்: "ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லம்மா." என்னால் என் பிள்ளையும் யானைக்கு முன்னால் நிற்கிறாளே என்ற நினைப்பு வந்தபோதுதான் உண்மையான பயம் வந்தது.

யானை தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை மோந்தது. எனக்குப் பின்னாலிருந்த குதிரைகளையும் சேர்த்து மோந்திருக்கும். பிறகு, இந்தத் தண்ணீர் இனிக் குடிக்க லாயக்கில்லை என்று தீர்மானித்ததுபோல, குட்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போனது.

வஞ்சிரு இறங்கி வந்து என்னைக் கைகொடுத்துத் தூக்கினார். மகளைக் கிட்டே போகவேண்டாம் என்று அவர் தடுத்தும் அவள் கேட்கவில்லையாம். என் சட்டைப்பையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தபோது அமைதியாகக் கேட்டார்: "உண்மையாகச் சொல்லுங்கள். குதிரைகளோடு ஆறு வருஷம் என்ன செய்தீர்கள்?"

"வேலிக்கு வெளியே நாற்காலியில் இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. யாழினி தரையைப் பார்த்தாள். "அண்ட் த லெஸன்ஸ்?" என்றாள். சமோசாவையும் சொன்னேன்.

இனி நான் குதிரையில் ஏறக்கூடாது என்று வஞ்சிரு முடிவாகச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் விதிப்படி யாழினியும் ஏற முடியாது. அவள் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வஞ்சிருவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். என்ன தண்டனை வேண்டுமானாலும் எனக்குக் கொடுங்கள், அவளை விட்டுவிடுங்கள் என்றேன். மரைக்கேதான் காப்பாற்றினார். "இந்தப் பெண் எங்கள் பொறுப்பு. எங்கள் நடுவில் வரட்டும்" என்றார். வஞ்சிரு சாட்டிலைட் போனில் சேகரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டார். (சேகர் முதலில் கேட்டது "மாலதி எந்தத் தொட்டில விழுந்தா?" என்பதுதானாம்.)

மீதி நாளெல்லாம் நான் கூடாரமும் உருளைக்கிழங்கும் ஏற்றிய லாரியில் போனேன். சமையல்காரரோடு சேர்ந்து வெங்காயம் உரித்தேன். யாழினி என்னிடம் ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. கடைசி முகாமில், முகமெல்லாம் புழுதியாக வந்து இறங்கினாள். அன்றைக்கு வரிக்குதிரைக் கூட்டத்தோடு சேர்ந்து பாய்ச்சலில் ஓடியே விட்டார்களாம். நேரே என்னிடம் வந்து, என் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி ஒரு வாய் சாப்பிட்டாள். மன்னிப்பு அவ்வளவுதான். பெரிய பேச்சு எதுவும் இல்லை.

ஆனால் தப்பித்தேன் என்று நினைக்காதீர்கள். ஆலனில் எந்த வீட்டு பாட்லக் விருந்து என்றாலும் யாழினி யானை மாதிரி காதை விரித்து நடித்துக் காட்டுவாள். எந்த ஆன்ட்டி அவளைக் கண்டாலும் "இன்னொரு தடவை சொல்லும்மா" என்பார். நான் கிச்சனுக்குள் போய் ஒளிந்துகொள்வேன்.

போன ஆகஸ்டில் அவளைக் காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டோம். கட்டில் ஏசிக்கு நேராக இருக்கிறது, ஜன்னல் திறக்கவில்லை, சாப்பாடு எப்படியோ என்று ஆரம்பித்தேன். குரல் ஏறிக்கொண்டே போனது, கண்ணும் நிறைந்துவிட்டது. புதிதாக வந்திருந்த அறைத்தோழி மிரண்டு போய்ப் பார்த்தாள்.

யாழினி பெட்டியைக் கீழே வைத்தாள். "அம்மா. கத்தாதே. அப்படியே உட்காரு."

சேகர் சிரிப்பை அடக்க முடியாமல் வராண்டாவுக்கு ஓடினார். அந்தப் பெண் என்ன சொன்னாய் என்று கேட்டாள். "தட்ஸ் வாட் வீ சே டு மை மாம்," என்றாள் யாழினி, "வென் தேர்ஸ் அன் எலிஃபென்ட்."

நான் உட்கார்ந்தேன்.